வீட்டு மரம், உயிர்வேலி, விறகு, தோட்டத்து மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த மனையில் நாலு மரமும் ஒரு வேலியும் இருந்தால் போதும், கேள்விகள் தானாக முளைக்கும். பல வருடங்களாக என்னிடம் மற்றவர்கள் கேட்டவையும் நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டவையும் இங்கே இருக்கின்றன. எனக்குக் கவலை தருபவை அதிகம் என்பதால் சில பதில்கள் நீளும்.

கிளையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும்? அடிமரத்தோடு ஒட்ட வெட்டுவதுதானே சுத்தம்?

பார்க்கத்தான் சுத்தம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு தட்டுப்படும். வெட்டுக்காயத்தை மூடும் புதுத் திசு அங்கிருந்துதான் கிளம்பி வரும். ஒட்ட வெட்டினால் அந்தப் புடைப்பும் சேர்ந்து போய்விடும். காயமும் இரண்டு மடங்கு பெரிதாகும். புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். அதற்காக ஒரு சாண் மொட்டைக் குச்சியாக விட்டுவிடவும் கூடாது. குச்சி செத்து அழுகும், அழுகல் உள்ளே இறங்கும்.

கை கனத்துக்கு மேற்பட்ட கிளையை ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான் முதன்முதலில் வெட்டிய கிளை, ரம்பம் பாதி இறங்கியதும் தன் பாரத்திலேயே சாய்ந்தது. முறிகிற சத்தத்தோடு அடிமரத்துப் பட்டையையும் இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

சரியான முறைக்கு மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை விழும்போது பட்டை கிழிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் குட்டைக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே நிதானமாக அறுத்தெடுப்பது மூன்றாவது.

வெட்டின இடத்தில் பெயின்டோ தாரோ பூசலாமா?

வேண்டாம். நமக்குக் காயம் ஆறுகிற மாதிரி மரத்துக்கு ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளே சுவர் எழுப்பி, அதை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே புது மரம் வளர்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இதைத் தெளிவாக எழுதினார். பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அப்படிப் பார்த்ததில் தெரிந்தது. தார் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், அவ்வளவுதான். குறிப்பிட்ட சில நோய்கள் பரவும் பருவத்தில், ஓக் மரத்துக்கு வரும் வாடல் நோய் போன்றவற்றுக்கு, பூச்சிகள் வந்து உட்காராமலிருக்க மெல்லிய பூச்சு அடிப்பார்கள். அது தனிக் கதை.

எந்த மாதம் கவாத்து செய்வது?

காய்ந்தது, முறிந்தது, நோய்ப்பட்டது: எந்த நாளிலும் வெட்டலாம். பச்சைக் கிளை என்றால், மரம் ஓய்வில் இருந்து புதுத் துளிர் விடப்போகும் வேளைக்குச் சற்று முன்பு நல்லது. குளிர் நாடுகளில் அது குளிர்காலத்தின் கடைசி. வெப்ப நாடுகளில் அடைமழையும் கடும் வறட்சியும் இல்லாத இடைவெளி. போன வருடத்துக் கிளையில் பூக்கும் செடிகளைப் பூத்து முடிந்த பிறகுதான் தொட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருடப் பூ போச்சு.

எப்போது என்பதைவிட எவ்வளவு என்பது முக்கியம். ஒரு வருடத்தில் மொத்த இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். வயதான மரத்துக்கு அதுவும் அதிகம். காயத்தின் அளவும் கணக்கில் வரும். 5 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் இருந்தால் சுலபமாக மூடிக்கொள்ளும். 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் மூடுவதற்குள் அழுகல் முந்திவிட வாய்ப்பு உண்டு. கிளை கட்டைவிரல் தடிமனில் இருக்கும்போதே தீர்மானித்துவிட்டால் பிற்பாடு ரம்பமே தேவைப்படாது.

மரம் ரொம்ப உயரமாகிவிட்டது. தலையை மொட்டையடித்துவிட்டால் பயமில்லையே?

பயம் அப்போதுதான் தொடங்குகிறது. உச்சியை வெட்டினால் பசி தாங்காத மரம் வெட்டுவாயைச் சுற்றி நீர்ப்போத்துகளை, அதாவது விறுவிறுவென நேராக நீளும் துளிர்களை, கொத்துக் கொத்தாகத் தள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். ஆனால் அந்தப் போத்துகள் உள்மரத்தில் வேர்பிடித்த கிளைகள் அல்ல. பட்டைக்கு அடியில், மேலாக ஒட்டிக்கொண்டவை. கீழே வெட்டுவாய் அழுக, மேலே போத்து கனக்க, ஒரு காற்றில் கொத்தோடு பிய்ந்து விழும்.

உயரம் குறைய வேண்டுமென்றால் நீண்ட கிளையை, அதில் பக்கவாட்டில் போகும் ஒரு சின்னக் கிளை வரைக்கும் வெட்டிக் குறைக்கலாம். அந்தச் சின்னக் கிளை வெட்டப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதுதான் இனி தலைமை ஏற்கப் போகிறது. இதுவும் போதாது என்றால் அந்த மரம் அந்த இடத்துக்கு ஏற்றதல்ல. எடுத்துவிட்டு, சிறிதாக வளரும் ஒன்றை நடுவது நேர்மை.

எது நானே செய்யும் வேலை, எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?

என் கோடு எளிது. இரண்டு காலும் தரையில் இருக்க, ரம்பம் தோளுக்கு மேலே போகாமல் முடிகிற வேலை என்னுடையது. ஏணி தேவைப்பட்டால் என்னுடையதல்ல. ஏணியில் நின்று செயின்சா பிடிப்பதை எந்த விளக்கத்தோடும் என்னால் ஏற்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி விட்டம், பத்தடி நீளம் உள்ள பச்சைக் கிளை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். கீழிருந்து பார்க்கும்போது ஒல்லியாகத்தான் தெரியும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையைக் கையால் தொடக்கூட வேண்டாம். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மரத்தையே சாய்ப்பதாக இருந்தால் அதன் உயரம் தெரிய வேண்டும். ஒரு குச்சியைக் கை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கைக்கு மேலே தெரியும் குச்சியின் நீளமும் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். பின்னால் நடந்துகொண்டே போய், மரத்தின் அடி கையோடும் நுனி குச்சியின் நுனியோடும் ஒத்துப்போகும் இடத்தில் நில்லுங்கள். மரம் உங்கள் பக்கம் சாய்ந்தால் அதன் நுனி ஏறக்குறைய உங்கள் காலடியில் விழும். அந்தத் தூரத்தின் இரண்டு மடங்குக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. இதைச் செய்து பார்த்த பலர், வீட்டுச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை எடுத்திருக்கிறார்கள்.

மரம் விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

சில சமயம் தெரியும். சாய்ந்து வளர்ந்த மரம் வேறு, புதிதாகச் சாய்ந்த மரம் வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் புடைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ, தூரில் காளான் முளைத்திருந்தாலோ, இரண்டு சம தடிமன் கிளைகள் ஆங்கில V எழுத்தைப் போல இடுங்கிச் சேரும் இடத்தில் பிளவு ஓடினாலோ தள்ளிப்போடாதீர்கள். உள்ளே பொந்து இருப்பது மட்டும் மரண தண்டனை அல்ல. வெளிச்சுவர் கனமாக இருந்தால் பொந்து மரம் தலைமுறைகள் நிற்கும்.

வேர் வீட்டை உடைக்குமா?

நல்ல அஸ்திவாரத்தை வேர் முட்டி உடைப்பது அரிது. களிமண் நிலத்தில் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, அஸ்திவாரம் இறங்குவதுதான் வழக்கமான வழி. நடைபாதைக் கல்லையும் லேசான மதிலையும் வேர் தூக்கும். விரிசல் விட்ட குழாயில் ஈரம் தேடி நுழையும். நல்ல குழாயைத் துளைக்காது. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் இருக்கும், கிளைப்பரப்பைத் தாண்டியும் பரவியிருக்கும். அதனால் கிளைகளின் நிழலுக்குள் பள்ளம் தோண்டுவதும் பாரவண்டி ஓட்டுவதும் மரத்துக்கு ரம்பத்தைவிடக் கெடுதல். பலன் மட்டும் மூன்று நான்கு வருடம் கழித்துத் தெரிவதால் யாரும் சம்பந்தப்படுத்திப் பார்ப்பதில்லை.

எங்கள் உயிர்வேலி மேலே பச்சை, கீழே வெறும் குச்சி. உரம் போட்டும் சரியாகவில்லையே?

உரத்தின் குறை இல்லை, வெயிலின் குறை. பெரும்பாலான வேலிகள் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டப்படுகின்றன, அல்லது நேராக வெட்டி, மேல்பகுதி வேகமாக வளர்ந்து குடை விரித்துவிடுகிறது. கீழிலைகளுக்கு வெளிச்சம் எட்டாமல் உதிர்ந்துவிடும். அடி அகலம், உச்சி குறுகல் என்று மாற்றுங்கள். கண்ணளவில் நம்பாதீர்கள். இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி வெட்டுங்கள்.

செம்பருத்தி, மருதாணி போன்றவை பழங்கட்டையிலிருந்தும் துளிர்க்கும். அவற்றை ஒரு பருவத்தில் ஒரு பக்கம், அடுத்த பருவத்தில் மறுபக்கம் என்று கடுமையாக வெட்டிப் புதுப்பிக்கலாம். சைப்ரஸ், துஜா போன்ற ஊசியிலை வேலிகளில் இந்த விளையாட்டு செல்லாது. பழுப்பான பழங்கட்டை வரை வெட்டினால் அந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். யூ மரம் மட்டும் விதிவிலக்கு.

வேலியை வெட்டும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கூடு. கைகளால் இலையை விலக்கிப் பாருங்கள், பறவைக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் சில வாரம் பொறுங்கள். பல நாடுகளில் சட்டமும் அதையே சொல்கிறது. குளவிக் கூடு இருந்தால் மெஷின் சத்தமே அவற்றைக் கிளப்பிவிடும். ஹெட்ஜ் டிரிம்மரின் ஒயர் எப்போதும் தோளுக்குப் பின்னால் போகட்டும். நானே ஒருமுறை ஒயரை வெட்டியிருக்கிறேன். மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இருந்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விறகு காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரமானது 'தொப்' என்று ஈரத்துணியை அடித்தமாதிரி ஒலிக்கும். முனைகளில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரை ஆரையாக வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும், துண்டு எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளியே குத்தினால் அது சொல்வதெல்லாம் நேற்றைய வெயிலைப் பற்றித்தான்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பம் போகும், அது உங்கள் அடுப்புக்கு வராது. அதைவிடப் பெரிய தொல்லை, தீ தணிந்து புகையாவது. அந்தப் புகை புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரிப் படிந்து, ஒருநாள் தானே தீப்பிடிக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? பிளந்து, காற்றோட்டமாக அடுக்கிய லேசான மரத்துக்கு ஆறு மாதம். புளி, ஓக் போன்ற கனமான மரத்துக்கு ஒன்று முதல் இரண்டு வருடம். முழுக்கட்டையாகப் போட்டுவைத்தால் கணக்கே இல்லை. பட்டை தண்ணீரை உள்ளே வைத்திருப்பதற்காகவே படைக்கப்பட்டது. பிளப்பதும் நீளத்தைக் குறைப்பதும்தான் காய வைப்பதில் முக்கால் வேலை.

எங்கே, எப்படி அடுக்குவது?

தரையில் நேராக வேண்டாம், கரையானுக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகும். கல்லோ இரும்புக் குழாயோ போட்டு ஒரு சாண் உயர்த்தி, காற்று வரும் திசைக்குக் குறுக்காக ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். தார்ப்பாயை நாலு பக்கமும் போர்த்திக் கட்டினால் உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி, பாம்பு, கரையான், தீ, நான்குக்கும் அது அழைப்பு.

எதை எரிக்கக் கூடாது?

பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, பச்சை நிறம் ஏறிய பழைய பதப்படுத்திய மரம். கடைசியாகச் சொன்னதில் ஆர்சனிக் இருக்கக்கூடும், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அது வரும். அரளிக் கட்டையின் புகையும் நஞ்சு. கடல் அலையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஏறியிருக்கும், அடுப்பை அரித்துவிடும்.

தூரத்து ஊரிலிருந்து விறகு கொண்டுவருவதையும் தவிருங்கள். விறகுக்குள் பூச்சியும் பயணம் செய்கிறது. வட அமெரிக்காவில் 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்று, பல கோடி ஆஷ் மரங்களைக் கொன்றது. அதை ஊர் ஊராகப் பரப்பியதில் விறகு வண்டிகளுக்குப் பெரும் பங்கு.

விறகு பிளக்கும்போது கோடாலி சிக்கிக்கொள்கிறதே?

நடுவில் அடிக்கிறீர்கள். ஓரத்தில், இருக்கிற வெடிப்பைப் பார்த்து அடியுங்கள். கணுவைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். பிளப்பதற்கு வெட்டுக் கோடாலி வேண்டாம், ஆப்பு மாதிரித் தடித்த தலை கொண்டது வேண்டும். கட்டையை முழங்கால் உயர மேடைக் கட்டையில் வைத்தால், குறி தவறினாலும் கோடாலி கட்டையில் இறங்கும், காலில் இறங்காது. கோடாலித் தலையைச் சம்மட்டியாலும் சம்மட்டியைக் கோடாலியாலும் அடிக்காதீர்கள், இரும்புச் சில்லு கண்ணுக்கு வரும்.

செயின்சா முன்போல் இறங்குவதில்லை. மெஷின் பழசாகிவிட்டதா?

கீழே விழுவதைப் பாருங்கள். சில்லு சில்லாக விழுந்தால் செயின் கூர். மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது. மெஷினை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். மண்ணில் ஒரு நொடி உரசினாலே கூர் போய்விடும்.

உருண்டை அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. வீட்டு மெஷின்களில் 4.0 அல்லது 4.8 மில்லிமீட்டர் அரம்தான் பெரும்பாலும். உங்கள் மெஷினின் கையேட்டைப் பாருங்கள். பல்லின் உள்ளிருந்து வெளியே, பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வில், முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்கள் கட்டையாகிவிட்டால் வெட்டு வளைந்து போகும். தொடங்கிய பல்லில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வைக்காமல் ஒருநாள் செயினை ஒன்றரைச் சுற்று தீட்டினேன்.

பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் மாதிரி ஒன்று நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது, வழக்கமாகப் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். நாலைந்து முறை தீட்டிய பிறகு அதையும் அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். ஆர்வத்தில் அதிகம் ராவிவிட்டால் செயின் கடித்து இழுக்கும், மெஷின் எகிறும்.

எகிறுவது என்றால்?

செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்குப் பார் என்று பெயர். பாரின் நுனி மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கிச் சுழன்று எழும். செயின் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, யோசித்து விலக நேரம் கிடையாது. இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், தலை பாருக்கு நேர்கோட்டில் இருக்கக் கூடாது, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி, காதுமூடி, செயின் தடுக்கும் கால்சட்டை. செயின்சாவின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். 85க்கு மேல் போனாலே காது கெடும்.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது?

கையேட்டில் 50:1 என்று இருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அத்தோடு இன்ஜின் முடிந்தது. பாருக்கு ஊற்றும் செயின் ஆயில் வேறு, இது வேறு.

போன பருவம் நன்றாக ஓடியது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்தில் எட்டு முறை பழைய பெட்ரோல். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாங்க்கில் தேங்கியது கார்புரேட்டரின் முடியளவு துளைகளில் பிசினாகப் படியும். டாங்க்கைத் திறந்து முகர்ந்தாலே தெரியும், வார்னிஷ் வாடை அடிக்கும். மூட்டைகட்டி வைப்பதற்கு முன் டாங்க்கைக் காலிசெய்து, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

அடுத்த சந்தேகம் ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்க்கும்போது நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது; துடைத்து, சோக்கைத் திறந்து மறுபடி இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை.

பிரஷ் கட்டரால் மரத்தடிப் புல்லை வெட்டலாமா?

நைலான் நரம்பால் சுற்றும் இந்தக் கருவியை 1971இல் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து யோசித்துச் செய்தார். அதற்குப் பிறகு வீட்டுத் தோட்டங்களில் இளமரம் சாவதற்குப் புதிய காரணம் ஒன்று சேர்ந்தது. பட்டைக்கு நேர் அடியில்தான் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்கும் பாதை. நரம்பு ஒரு சுற்று பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும். மேலே இலை சில மாதம் பச்சையாகவே இருக்கும், அதனால் யார்மேலும் பழி விழாது.

மரத்தைச் சுற்றி இரண்டு மூன்றடிக்குப் புல்லையே எடுத்துவிட்டு, வெட்டிய கிளைகளின் சில்லை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு கையகலம் விட்டுவிடுங்கள்.

பேட்டரி மெஷின் போதுமா?

வேலி, சிறு கிளை, அரை நாள் வேலைக்குப் போதும். நாள் முழுக்க கனமான கட்டை அறுப்பவருக்குப் பெட்ரோல். பேட்டரியைப் பல மாதம் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒன்று மட்டும்: சத்தம் இல்லாததால் பேட்டரி மெஷின் நின்றுவிட்டதாகத் தோன்றும், விசையைத் தொட்டால் அந்த நொடியே ஓடும். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள்.

விறகுச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

கொஞ்சம் போடலாம். பொட்டாசியமும் சுண்ணாம்பும் கிடைக்கும், மண்ணின் காரத்தன்மை ஏறும். ஏற்கெனவே காரமண் என்றால் வேண்டாம், அமில மண் விரும்பும் செடிகளுக்கும் வேண்டாம். அடுப்பிலிருந்து வாரிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, தரையில் வைத்து நாலைந்து நாள் ஆறவிடுங்கள். மேலே வெள்ளையாகக் குளிர்ந்திருக்கும், உள்ளே கையை விட்டால் கங்கு இருக்கும்.